புணை, முட்டை, முக்கால் சாண் கயிறு

எட்டு வயதில் ஒரு பெரிய பாவம் செய்தேன். கூத்துக் கொட்டகையின் பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டேன்.

உள்ளே துரியோதனன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். கிரீடம் மடியில் கிடந்தது. முன்னாலிருந்து பார்த்தபோது அஸ்தினாபுரத்தையே ஆண்ட கிரீடம், கிட்டத்தில் பார்த்தால் லேசான மரம், ஜிகினாத்தாள், நாலைந்து கண்ணாடிச் சில்லு. பக்கத்தில் திரௌபதி, மழித்த மீசைமேல் இன்னொரு பூச்சு அரிதாரம் அப்பிக்கொண்டிருந்தாள். கட்டியக்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நியாயமாக எனக்கு ஏமாற்றமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? இல்லை! உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தச் சில்லறையை வைத்துக்கொண்டா ஒரு குருக்ஷேத்திரத்தையே நடத்துகிறார்கள்!

அந்தக் கிறுக்கு இன்னும் தெளியவில்லை. கொட்டகைதான் மாறியிருக்கிறது. இப்போது கவிதைகளின் பின்பக்கத் தட்டியை விலக்குகிறேன். அதிலும் ஊழ், நிலையாமை, உயிர், பரம்பொருள் என்று ராஜா வேஷம் கட்டி வருகிறவை என்றால் விடுவதே இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் என்ன கிடக்கிறது தெரியுமா? தண்ணீரில் மிதக்கும் நாலு கட்டை. ஒரு முட்டை ஓடு. ஒரு மர பொம்மை. பந்தல் கட்டி மிஞ்சிய கயிறு. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் நம் ஆட்கள் இரண்டாயிரம் வருஷமாகத் தத்துவம் பேசியிருக்கிறார்கள்.

வாங்க, தட்டியைத் தூக்கிப் பிடிக்கிறேன். குனிந்து வாங்க, மூங்கில் இடிக்கும்.

உள்ளே நான் ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. பெயர், பொருள்மாறாட்டம். கவிஞர் வைத்த பொருளை எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் இன்னொன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் அலங்காரம் என்றால் ஒன்றும் ஆகாது. முத்துப்பல்லை முல்லைப்பல் ஆக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் சில கவிதைகளில் அந்த ஒரு பொருளை நகர்த்தினால் தத்துவம் மொத்தமும் பொலபொலவென்று சரிந்துவிடும். அங்கே உவமை கருத்துக்குப் போட்ட சட்டை அல்ல, கருத்தின் முதுகெலும்பு. அந்த மாதிரி இடங்களைத்தான் இன்றைக்குச் சுற்றிக் காட்டப்போகிறேன்.

கொட்டகையில் நிற்கும்போதே ஒன்றைப் பார்த்துவிடலாம். திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவரும் ஒரு கூத்துக்குப் போகிறார். ஆனால் மனுஷர் மேடையைப் பார்க்கவே இல்லை! முதுகைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கிறார். பெரும் செல்வம் வருவது கூத்துக்குக் கூட்டம் சேர்வது போல, போவது அந்தக் கூட்டம் கலைவது போல என்கிறார். 332ஆம் குறள்.

கூத்து பார்த்தவர்களுக்கு இது எப்படிச் சுருக்கென்று தைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பது மணிக்கு நாலு பொடியன்கள். பத்து மணிக்குப் பாயோடு இரண்டு பாட்டிகள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஒவ்வொருவராக வந்து, கூட்டம் நிறைய நடுச்சாமம் ஆகும். விடிகாலையில் மங்களம் பாடியதும் பாயை உதறுகிற சத்தம் ஒன்று கேட்கும், அவ்வளவுதான். ஐந்தே நிமிஷம், திடலில் வெற்றிலைச் சருகும் கடலைத்தோலும். சரி, மாறாட்டம் ஆடுவோம். கூத்துக் கூட்டத்தை எடுத்துவிட்டு நிலாவை வையுங்கள். வளர்வதும் மெதுவாக, தேய்வதும் மெதுவாக. உதவாது. வெள்ளத்தை வைத்தால்? வருவதும் ஒரேயடியாக. அதுவும் உதவாது. சிறுகச் சிறுக வந்து ஒரேயடியாகப் போகிற பொருள் வேண்டும். அதற்கும் மேலே ஒன்று, வந்தவர்கள் கூத்துக்காக வந்தவர்கள், திடலுக்காக வந்தவர்கள் அல்லர். செல்வம் நம்மைப் பார்க்க வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் திடல்தான் நாம். இதை வள்ளுவர் சொல்லவில்லை, கூட்டம் சொல்கிறது.

அதே அதிகாரத்தில் ஒரு வேஷதாரியும் இருக்கிறார். 334ஆம் குறளில் உயிரை அறுக்கும் வாள் ஒன்று ‘நாள்’ என்று வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது! தினமும் காலையில் காலண்டரில் தாளைக் கிழிக்கிறோமே, யாரை யார் கிழிக்கிறார்கள்? நகருவோம், நகருவோம். முக்கியமான ஆள் ஒருவர் காத்திருக்கிறார்.

கணியன் பூங்குன்றனார். இவர் ஊராகிய பூங்குன்றம், இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்கிறார்கள். புறநானூற்றில் 192ஆம் பாட்டு. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்த பிறகு அந்தப் பாட்டின் முதல் அடிக்குக் கால் முளைத்துவிட்டது. அப்துல் கலாம் 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரைக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போனார். பேருந்து, பள்ளிச் சுவர், பட்டிமன்றம், கல்யாணப் பத்திரிகை என்று அது போகாத இடமில்லை. போகட்டும், சந்தோஷம். என் வருத்தம் வேறு. பாட்டு 13 அடி. முதல் அடி உலகம் சுற்றிக்கொண்டிருக்க, பாட்டின் நடுவில் ஒரு புணை தனியாக மிதந்துகொண்டிருக்கிறது. அதை யாரும் கூட்டிப்போவதில்லை. பாட்டின் இயந்திரமே அதில்தான் இருக்கிறது!

என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். மின்னுகிறது. குளிர்ந்த துளிகள் விழுகின்றன. விழுந்த துளி எல்லாம் சேர்ந்து பெரிய ஆறாகிறது. ஆறு கல்லில் மோதி இரைகிறது. அந்த ஆற்றின் நீர் போகும் வழியே ஒரு புணை போகிறது. உயிரும் அப்படித்தான் முறையின் வழியே போகும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் கண்டு சொன்னதால் இது எமக்குத் தெளிவாயிற்று, ஆகையால் பெரியவர்களைக் கண்டு நாங்கள் வியப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார்.

இப்போது மாறாட்டம். அந்தக் காலத்துத் தமிழில் மிதக்கிறவற்றுக்கா பஞ்சம்? நாவாய் இருந்தது, வங்கம் இருந்தது, அம்பி, திமில், தோணி எல்லாம் இருந்தன. சங்கப் புலவருக்குத் துறைமுகம் ஒன்றும் தூரமில்லை. புணையை எடுத்துவிட்டு நாவாயை வையுங்கள். என்ன ஆகிறது? இதே புறநானூற்றில் 66ஆம் பாட்டு, வெண்ணிக்குயத்தியார் பாடியது. அதில் கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே தனக்கு வேலை செய்ய வைத்துக் கடலில் நாவாய் ஓட்டுகிறான். நாவாய் வந்தால் கூடவே பாய் வரும், மீகாமன் வருவான், ‘இயற்கையை வென்றேன்’ என்ற மார்தட்டல் வரும். தோணியை வைத்தாலும் துடுப்பு வந்துவிடும். துடுப்பு இருக்கும் இடத்தில், ‘நான் நன்றாகத் துழாவினேன், முன்னால் வந்தேன். நீ சோம்பேறி, பின்தங்கினாய்’ என்ற பேச்சும் வந்துவிடும். பிறகு பெரியோரை வியக்காமல் எப்படி? சிறியோரை இகழாமல் எப்படி?

புணையில் துடுப்பு இல்லை. சுக்கான் இல்லை. நாலு கட்டையோ மூங்கிலோ சேர்த்துக் கட்டியது. முன்னால் போகிற புணைக்கு அது பெருமை அல்ல, அங்கே தண்ணீர் வேகம். பாறையில் சிக்கிச் சுழல்கிற புணைக்கு அது சிறுமை அல்ல, அங்கே கல் இருக்கிறது. ஆக, கடைசி இரண்டு அடியின் அறம் முழுக்க அந்தத் துடுப்பில்லாத கட்டையிலிருந்துதான் பிறக்கிறது. ‘ஆகையால்’ என்று அவர் சொல்லும்போது தர்க்கம் பேசுகிறார் என்று நினைக்கிறோம். இல்லை, கையை நீட்டி ஆற்றைக் காட்டுகிறார்!

இன்னொரு வேடிக்கை. கணியன் என்றால் நாளும் கோளும் கணித்துச் சொல்கிறவன். அடுத்து என்ன நடக்கும் என்று ஊருக்கே சொல்லிப் பிழைக்கிற பெயரை வைத்துக்கொண்டு இந்த மனுஷர், நம் கையில் துடுப்பே இல்லை என்கிறார். தொழிலுக்குத் துரோகம் என்று சொல்லலாமா? எனக்கென்னவோ, தினமும் கணக்குப் போட்டுப் பார்த்த ஆளுக்குத்தான் இந்த அடக்கம் வரும் என்று தோன்றுகிறது.

‘அப்படியே மிதந்துகொண்டு போ’ என்று சும்மா இருக்கச் சொல்கிற தத்துவம் என்று சிலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் கல்லைக் கவனிக்கவில்லை. ஆறு சும்மா ஓடவில்லை, பாறையில் மோதி இரைந்துகொண்டு ஓடுகிறது. புணையில் போகிறவருக்கு முதுகு நொறுங்கும். இது சாய்வு நாற்காலித் தத்துவம் அல்ல.

அப்புறம் அந்தப் புணை எங்கே போயிற்று? வள்ளுவர் இரவல் வாங்கிப் போனார். ஒரே கிரீடத்தை முதல் நாள் துரியோதனனும் மறுநாள் இரணியனும் வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி. 306ஆம் குறளில் புணை என்பது சுற்றத்தார். சினம் என்னும் தீ, சினந்தவனை மட்டுமல்ல, அவனைக் கரைசேர்க்க வேண்டிய சுற்றம் என்ற புணையையும் எரித்துவிடுகிறது. 1134இல் புணை என்பது நாணமும் ஆண்மையும். காமவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகிறது. கணியனின் புணை போவதே சரி, வள்ளுவரின் புணை போனால் ஆள் காலி! ஒரே நாலு கட்டைதான். எந்தத் தண்ணீரில் விட்டோம் என்பதில் இருக்கிறது தத்துவம்.

சரி, அடுத்த அறை. இங்கே ஒரு சண்டை நடக்கிறது. சத்தம் போடாமல் வாங்க.

338ஆம் குறள். குடம்பை தனியே கிடக்கப் பறவை பறந்து போவது போன்றதுதான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு. நட்பாம், நட்பு! வள்ளுவரின் குசும்பை அப்புறம் ரசிப்போம். சண்டை ‘குடம்பை’ மேல். குடம்பை என்றால் கூடு என்கிறார்கள் சிலர். பரிமேலழகர் எழுந்து, இல்லை, முட்டை என்கிறார்.

கூடானால் என்ன, முட்டையானால் என்ன? பறவை பறந்துபோனால் சரிதானே? இங்கேதான் எனக்குக் குதிக்கத் தோன்றுகிறது. ஏனென்றால், நான் ஆடுகிற அதே விளையாட்டைப் பரிமேலழகர் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆடியிருக்கிறார். கூட்டை எடுத்து வைத்துப் பார்க்கிறார். கூடு பறவையோடு கூடப் பிறந்ததல்ல, அப்புறம் கட்டியது. உடம்பு அப்படியா? மேலும், கூட்டைவிட்டுப் பறந்த பறவை சாயங்காலம் திரும்பி வந்து அதற்குள்ளேயே நுழையும். உயிர் அப்படி நுழையுமா? ஆகவே கூடு தள்ளுபடி. முட்டையோ பறவைக் கருவோடு ஒன்றாகவே உண்டாகிறது, அது வேறாகிற வரைக்கும் அதற்கு ஆதாரமாக நிற்கிறது. உடைத்து வெளியே வந்தபின் எந்தப் பறவையும் தன் முட்டைக்குள் மறுபடி நுழைந்ததில்லை. ஆகவே முட்டை!

இத்தோடு விட்டாரா? முட்டையிலிருந்து வருகிறவை வேறு எத்தனையோ இருக்க, வள்ளுவர் ஏன் பறவையைப் பிடித்தார் என்று தானே கேள்வி போட்டுக்கொள்கிறார். பல்லி முட்டையிடும், பாம்பு முட்டையிடும், ஆமை முட்டையிடும். ஆனால் பறந்துபோவது பறவைதானே என்கிறார். ஊர்ந்துபோகிற உயிரை யார் கற்பனை செய்வார்கள்! ஒரு தச்சர் மூட்டுவாய் பார்க்கிற மாதிரி உவமையைத் தட்டித் தட்டிப் பார்க்கிற இந்த உரைகாரருக்கு யாராவது ஒரு சோடா வாங்கிக் கொடுங்கள்.

கூடு என்று வைத்தால் உடம்பு உயிரின் வீடு. சாவு என்பது வெளியூர்ப் பயணம். முட்டை என்று வைத்தால் உடம்பு உயிரின் ஓடு, சாவுதான் பறத்தல். அடேயப்பா! ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாறியதில் மரணத்துக்கே முகம் மாறிவிட்டது பாருங்கள்.

வள்ளுவரோ அதோடு நிற்கவில்லை. அடுத்த குறளில் சாவு தூக்கம், பிறப்பு விழிப்பு. அதற்கும் அடுத்த குறளில், அதிகாரத்தின் கடைசிக் குறளில், உயிர் ஒரு குடித்தனக்காரர்! உடம்புக்குள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் உயிருக்கு நிலையான வீடு இன்னும் அமையவில்லையோ என்று கேட்கிறார். மாசா மாசம் வாடகை கொடுத்துக்கொண்டு, ஆணி அடிக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டு நிற்கிற எவருக்கும் இந்தக் குறளுக்கு உரை தேவையில்லை. முட்டை உடைந்தால் திரும்ப முடியாது. தூங்கினால் விழித்தாக வேண்டும். குடித்தனக்காரரோ அடுத்த வீடு தேட வேண்டும். மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன. வள்ளுவர் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கேள்வியோடு எழுந்து போய்விடுகிறார். ‘எது சரி?’ என்று விரட்டிப் பிடிக்கலாம் என்றால் ஆள் அடுத்த அதிகாரத்தில் இருக்கிறார்.

(பறவை போன திசையில் ஒன்று பார்த்தீர்களா? ஒற்றை இறகு. அதை இருபதாம் நூற்றாண்டில் திருகோணமலைக்காரர் பிரமிள் எடுத்து, காற்றில் அது விழுகிற விழுகையையே எழுத்தாக்கிவிட்டார். வள்ளுவருக்குப் பறவை போனால் ஓடு மிச்சம். பிரமிளுக்குப் பறவை போனால் வரலாறு மிச்சம். சின்னஞ்சிறு கவிதைதான், தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.)

போகிற வழியில் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை. எழுதியவர் தொல்காப்பியர். வினை, பயன், மெய், உரு என்ற நாலு வழியில் உவமை பிறக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது அகப்பாட்டின் உள்ளுறைக்கு அவர் போட்ட விதி. நிலத்தின் கருப்பொருள்களைக் கொண்டு உள்ளுறை அமைக்கலாம், தெய்வம் மட்டும் கூடாது! பறவை வரலாம், விலங்கு வரலாம், மரமும் பூவும் பறையும் யாழும் வரலாம். சாமிக்கு அனுமதி இல்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: சாமி வந்து நின்றால் மற்ற எல்லாம் வாயடைத்துப்போகும். மறைவாகப் பேச வேண்டிய இடத்தில் மீனும் கொக்கும் இருந்தால்தான் பேச்சு நடக்கும்.

அப்படியானால் சாமியைப் பற்றியே பேச வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? நேரே பொம்மைக் கடைக்குப் போனார்கள்!

எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் ஒரு மர யானை உண்டு. ஒரு வருஷம் ஆசாரி தாத்தா சுண்டல் வாங்கிக்கொள்ள வந்தார். தங்கையின் பிள்ளை ஓடிப்போய், “தாத்தா, யானை!” என்று அவர் கையில் கொடுத்தது. அவர் வாங்கித் திருப்பி, விரல் முட்டியால் தட்டி, வயிற்றுப் பக்கம் இருந்த ரேகையைத் தடவி, “நல்ல வேங்கை. பால் பக்கம் இல்லை, வைரம்” என்றார். குழந்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வேங்கை இல்லை, யானை!” இரண்டு பேரும் பார்த்தது ஒரே பொருளைத்தான்.

அந்தக் காட்சியைத் திருமூலர் திருமந்திரத்தில் எப்போதோ வைத்துவிட்டார். யானையைப் பார்த்தால் மரம் மறைகிறது, மரத்தைப் பார்த்தால் யானை மறைகிறது. பரம்பொருளும் ஐம்பூதமும் அப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று மறைகின்றன. இங்கே பொருள்மாறாட்டம் ஆடினால் ஒரு மதச் சண்டையே மூண்டுவிடும். அத்வைத வேதாந்திகள் கைவசம் பிரபலமான பொருள் ஒன்று உண்டு, கயிறு. இருட்டில் பாம்பாகத் தெரிகிறது, விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு. பாம்பு எப்போதுமே இருந்ததில்லை. மர யானையை எடுத்துவிட்டு அதை வைத்துப் பாருங்கள், உலகம் பொய்யாய்ப் போய்விடும். மர யானையில் அப்படி இல்லை. ஆசாரி தாத்தா மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காகத் தும்பிக்கை மறைந்துவிடவில்லை. யானையும் இருக்கிறது, மரமும் இருக்கிறது, பார்வைதான் இடம் மாறுகிறது. உலகம் பொய் என்று திட்டாமலே உலகத்துக்குள் கடவுளைக் காட்ட வேண்டும் என்றால் கயிறு போதாது, யானைதான் வேண்டும்.

திருநாவுக்கரசருக்கு இந்த யானையும் போதவில்லை. பார்வையை மாற்றினால் போதும் என்றால் அது உட்கார்ந்த இடத்து வேலை. அவரோ கையில் உழவாரம் பிடித்துக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கியவர். வேலை செய்யாமல் எதுவும் வராது என்று தெரிந்த கை அது. அவர் சமையலறைக்குப் போகிறார். விறகுக்குள் தீ இருக்கிறது, பாலுக்குள் நெய் இருக்கிறது, அப்படி மறைந்திருக்கிறான் என்கிறார். நாள் முழுக்கப் பாலை முறைத்துப் பாருங்கள், நெய் தெரியுமா? தெரியாது. உறவு என்னும் கோலை நட்டு, உணர்வு என்னும் கயிற்றைச் சுற்றி, முறுக இழுத்துக் கடைய வேண்டும். அப்போது முன்னால் வந்து நிற்பான்.

எனக்கு இந்த இடத்தில் தோள்பட்டை வலிக்கிறது. என் பாட்டி மோர் கடைவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் மாறி மாறி இழுக்கும். வேகம் கூடினாலும் வெண்ணெய் திரளாது, குறைந்தாலும் திரளாது. நடுவில் நிறுத்திவிட்டு, “இதோ வர்றேண்டி, இரு” என்று அடுத்த வீட்டுக்காரியிடம் பேசப் போகவும் முடியாது. திருமூலருக்குக் கடவுள் ஒரு கணத்தில் கண்ணைத் திருப்பினால் தெரிகிறவர், திருநாவுக்கரசருக்குக் கை ஓய்ந்தால் கிடைக்காதவர். யானையும் தயிர்ப்பானையும் பேசுகிற இறையியல் வேறு வேறு. இருவரும் ஒரே சைவத் திருமுறைத் தொகுப்புக்குள் இருக்கிறார்கள் என்பதில்தான் கொண்டாட்டம்.

கவனித்தீர்களா, கயிறு இரண்டாம் முறை வந்துவிட்டது. ஒரு கயிறு பாம்பாக நடித்துப் பொய் என்று பெயர் வாங்கிக்கொண்டது. இன்னொரு கயிறு கடவுளைக் கடைந்து எடுத்தது. மூன்றாவது கயிற்றைக் காட்டத்தான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தேன். மாடிப்படி ஏற வேண்டும், பார்த்து வாங்க.

மொட்டை மாடி. தென்னோலைப் பந்தல். குறுக்கும் நெடுக்குமாக மூங்கில் கழிகள், கயிற்றால் கட்டியிருக்கிறது. கட்டியவர்கள் மிச்சக் கயிற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் தொங்குகிறது. ஒன்று ஒரு சாண் நீளம், இன்னொன்று முக்கால் சாண். இது பாரதியார் வசன கவிதையில் ‘காற்று’ பகுதி. உபநிடதத்தைத் தமிழில் இறக்க அவர் தேர்ந்தெடுத்த பொருள் இதுதான். பந்தல்கூட இல்லை, பந்தலின் மிச்சம்!

அந்தக் கயிறுகளுக்குப் பெயரும் உண்டு. கந்தன், வள்ளியம்மை. கணவன், மனைவி. (தொல்காப்பியர் வாசலில் நிறுத்திய சாமியைப் பாரதி கயிறு வேஷம் கட்டி மாடிவழியாக உள்ளே விட்டுவிட்டார் என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, ஆசைதான்.) காற்று அடிக்கிறது. கந்தன் வள்ளியம்மையின் மேல் கை போட வருகிறான், அவள் பின்வாங்குகிறாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பாரதியார் மாடிக்கு வந்துவிடுகிறார்! சங்கடமாகி, அப்புறம் வரட்டுமா என்று கேட்கிறார். கந்தன் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை, பதிலுக்கு ஐயரைக் கிண்டலடிக்கிறான். பிறகு காற்று நிற்கிறது. கயிறுகள் அசைவற்றுத் தொங்குகின்றன. செத்துவிட்டனவா? அப்போது காற்றுத்தேவன் தோன்றுகிறான். ஊதிப்பெருத்த உருவத்தை எதிர்பார்த்தால் வைர ஊசி மாதிரி ஒளியாக இருக்கிறான். நானே பிராணன், நான் ஆட்டினேன், களைத்ததும் இளைப்பாற விட்டேன், உறக்கமும் சாவும் ஒன்றே என்கிறான். 339ஆம் குறள் ஞாபகம் வருகிறதா? அதே தூக்கம்தான், அரிதாரம் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது.

வாயுவைக் கண்ணுக்கு எதிரே நிற்கும் பிரம்மம் என்று வணங்குவது தைத்திரிய உபநிடதத்துச் சாந்தி மந்திரம். பாரதி அந்த மந்திரத்தையே அங்கே வைக்கிறார். சொன்னவர்கள் ஆயிரம் பேர். ஆனால் காட்டுவதற்கு எதை எடுப்பது? மாறாட்டம் ஆடிப் பாருங்கள். கயிற்றுக்குப் பதில் இலை? இலை தானாகவே உயிருள்ளது, காற்றுக்குப் பெருமை கிடைக்காது. கொடி? கொடிக்கு ஒரு நாடு, ஒரு கட்சி இருக்கும், அது வேறு எதையோ பேச ஆரம்பித்துவிடும். பட்டம்? அதை ஆட்டுவிப்பவன் கீழே நூலோடு நிற்பான். ஒன்றுக்கும் உதவாத, யாருக்கும் வேண்டாத, கட்டுகிற வேலையும் முடிந்துபோன முக்கால் சாண் மிச்சம்தான் சரி. அதற்கே உயிர் வருகிறது, வெட்கம் வருகிறது, காதல் வருகிறது என்றால், அசைகிற எதில்தான் அவன் இல்லை?

கணியன் ஆற்றைக் காட்டியது போல இவர் பந்தலைக் காட்டுகிறார். ஒரு வித்தியாசம். கணியன் கரையில் நின்று புணையைப் பார்த்தார். பாரதி கயிற்றிடம் சௌக்கியமா என்று விசாரித்தார். பொருளைக் காட்டி விளக்குவதற்கும் பொருளோடு பேசுவதற்கும் நடுவில் தமிழ்க் கவிதை இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. என்னைக் கேட்டால், வசன கவிதையை யாப்பில்லை என்று ஓரமாய் வைத்துவிட்டு அக்கினிக் குஞ்சோடு பாரதியை முடித்துக்கொள்கிறவர்கள் பாதிச் சொத்தை அடகுக்கடையில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

பொழுது விடியப்போகிறது. பாயை உதறும் சத்தம் கேட்கிறது, நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். போகும்போது ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஏதாவது கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பந்தல் போட்டிருப்பார்கள். அண்ணாந்து பாருங்கள். இப்போது பச்சை நைலான் கயிறுதான், இருந்தாலும் எங்காவது ஒரு சாண் மிச்சம் தொங்கும். காற்றில் ஆடினால், பெயர் என்ன என்று கேட்டுவிட்டு வாருங்கள்.